பச்சை குத்திய தோலின் பராமரிப்பு: திருகோணமலைத் துறைமுகச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பச்சை குத்துதல் பற்றி இதுவரை தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அதன் உருவங்களைப் பற்றியவை. எந்தக் குலத்தார் எந்தக் கோலத்தை எங்கே குத்திக்கொண்டனர், அதன் நம்பிக்கை யாது என்ற வினாக்களே ஆய்வாளரை ஈர்த்துள்ளன. குத்திய பின்னர் அந்தத் தோலுக்கு என்ன நேர்கிறது, அது எவ்வாறு ஆறுகிறது, அதனை எதனால் மூடுவது என்ற வினாக்கள் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படவில்லை. உருவம் பண்பாட்டுக்குரியது, புண் வைத்தியருக்குரியது என்ற பிரிவினை நம்மை அறியாமலே நமது சிந்தனையில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் பச்சை குத்துதல் முதலிலே ஒரு காயம். அதன் பின்னரே அது ஒரு சித்திரம். அக்காயத்தைப் பேணுவதற்கான நேரம், நீர், துணி, ஓய்வு ஆகியன எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. ஆகவே இது மருத்துவத்துக்குரிய பொருளாக இருக்கும் அதே வேளையில் சமூகவியலுக்கும் உரிய பொருளாகின்றது.

இக்கட்டுரையிலே திருகோணமலைத் துறைமுகப் பகுதியை மனங்கொண்டு இப்பொருளை விளக்க முனைகிறோம். உட்துறைமுகம், திருக்கடலூர், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி எனத் தொடரும் இக்கரையிலே கடற்றொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், உல்லாசப் பயணத்துறையை அண்டி வாழ்வோர் எனப் பல திறத்தினர் உளர். புதிய மோஸ்தரின் வழியே பச்சை குத்திக்கொள்ளும் இளைஞர் இவர்களிடையே பெருகியுள்ளனர். அவர்கள் பெறும் அறிவுரைகளோ பெரும்பாலும் வேறு தட்பவெப்பத்துக்கும் வேறு வாழ்க்கை முறைக்கும் எழுதப்பட்டவை.

2

இத்துறைமுகத்திலே பச்சை குத்துதலின் இரு மரபுகள் சந்தித்தன எனலாம். ஒன்று நாட்டு மரபு. தொய்யில் எழுதுதலை இம்மரபின் தொடக்கமாகச் சிலர் காட்டுவர். அது பொருந்தாது. தொய்யில் என்பது சந்தனம் முதலிய குழம்புகளால் தோளிலும் மார்பிலும் வரைவது, கழுவினால் அழிவது. அழியாத குறியை உடலிலே வேண்டி நிற்கும் மனப்பாங்கைப் பக்தி இலக்கியத்திலே காண்கிறோம். தூங்கானைமாடத்திலே திருநாவுக்கரசர் தமது உடலில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்குமாறு இறைவனை வேண்டியதும், வைணவரிடையே சங்கு சக்கரப் பொறி தோளில் ஒற்றப்படுவதும் இவ்வகையின. உடைமைக்குக் குறியிடும் சமூகத்திலே, தாம் யாருக்கு உரியவர் என்பதை உடலாலே அறிவிக்கும் முறை இது.

ஊசியால் குத்தும் தொழிலைத் தமிழகத்திலே குறத்தியர் செய்துவந்தனர். இலங்கையின் கிழக்கிலும் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட குறவர் சமூகத்தினர் பாம்பாட்டுதல், கைரேகை பார்த்தல் ஆகியவற்றோடு ஊரூராகச் சென்றனர். இன்று அவர்களுட் பலர் அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பை முதலிய இடங்களில் நிலைகொண்டுள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எட்கார் தேர்ஸ்டன் தொகுத்த தென்னிந்திய இனவியற் குறிப்புகளில் குறத்தியரின் மை தயாரிப்பு விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியிலே தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த புதுப் பானையில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பதே அம்முறை. குத்தி முடிந்தபின் எண்ணெயும் மஞ்சளும் பூசப்பட்டன. வீக்கம் வராமலிருக்கவும் நிறம் விளங்கவும் அவ்வாறு செய்யப்பட்டது. பின்பராமரிப்பு என்று இன்று கூறப்படுவதன் நாட்டு வடிவம் இதுவே.

மற்றையது கடலோடிகளின் மரபு. 1769 இல் கப்பித்தான் குக்கின் கப்பல் தகித்தித் தீவை அடைந்த பின்னரே இக்கலைக்குரிய பொலினீசியச் சொல் ஆங்கிலத்திலே புகுந்தது. நங்கூரம், தகைவிலான் குருவி முதலிய உருவங்கள் மாலுமிகளின் அடையாளங்களாயின. 1881 இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசர், கடற்படைப் பயிற்சியாளராக யப்பானுக்குச் சென்றபோது பச்சை குத்திக்கொண்டார். அரசகுமாரனின் கையில் அது வீரப் பயணத்தின் நினைவு. எமது பாட்டிமாரின் முன்கையில் அது நாகரிகமின்மையின் சின்னம். ஒரே செயல் வர்க்கத்துக்கேற்ப இரு பொருள் பெறுவதை இங்கே காண்கிறோம்.

1795 இல் பிரித்தானியர் கைப்பற்றிய காலந்தொட்டு 1957 இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாகவிருந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அக்காலத்திலே பச்சை குத்திய கைகளையுடைய மாலுமிகள் கரையிறங்கிய தெருக்களிலேதான், பச்சை குத்திய கைகளையுடைய பெண்கள் மீனும் மரக்கறியும் விற்றனர். இவ்விரு மரபுகளிலும் புண் ஆறுவதற்கான ஓய்வு வழங்கப்பட்டதாகக் கூறமுடியாது. மாலுமிக்குக் கப்பல் வேலை. பெண்ணுக்கு அடுப்பும் சந்தையும்.

3

இனி, காயத்தின் இயல்பை நோக்குவோம். ஊசி மேற்றோலைத் தாண்டி உட்டோலிலே ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் மையைச் சேர்க்கின்றது. மேற்றோல் இடையறாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. அங்கே தங்கிய மை உதிர்ந்துவிடும். உட்டோலிலே சேர்ந்த மையை உடல் அந்நியப் பொருளாகவே கருதுகின்றது. அதை விழுங்க வரும் தின்குழியங்கள் விழுங்குகின்றன, ஆனால் சமிக்கமுடிவதில்லை. அக்குழியங்கள் இறக்கும்போது வெளிவரும் மையைப் புதிய குழியங்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2018 இல் எலிகளிலே காட்டினர். பச்சையின் நிலைபேறு இவ்வாறு முடிவுறாத ஒரு போராட்டத்தின் விளைவாகும்.

முதல் ஓரிரு நாட்களில் தோல் சிவந்து, சற்றே வீங்கி, நிணநீரும் மையும் கலந்து கசியும். இது இயல்பானது. நான்காம் ஐந்தாம் நாளளவிலே மெல்லிய பொருக்கு உரியத் தொடங்கும்; அரிப்பும் உண்டாகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மேற்பரப்பு மூடிக்கொள்ளும். உள்ளே முழுமையாக ஆறுவதற்கு மேலும் மாதங்கள் செல்லும். மேற்பரப்பு மூடும்வரை அத்தோல், கிருமிகள் நுழையக்கூடிய ஆயிரக்கணக்கான நுண்துளைகளை உடைய ஒரு பரப்பு என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

ஒன்றை இவ்விடத்திலே தெளிவுபடுத்துதல் அவசியம். பின்பராமரிப்பு எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், குத்தும்போது நிகழ்ந்த தவற்றை அது திருத்தாது. 2011 இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே, பொதியிடப்படுமுன்பே மாசடைந்திருந்த மையினால் 19 பேருக்குத் தோற்கிருமித் தொற்று ஏற்பட்டது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தினால் ஈரலழற்சி பி, சி வைரசுகளும் எச்.ஐ.வி.யும் பரவலாம். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தப்படும் பச்சைக்கு எந்தக் களிம்பும் பரிகாரமாகாது. புதிய ஊசி கண்முன்னே பிரிக்கப்படுவதும், மை சிறு கிண்ணத்திலே தனியே ஊற்றப்படுவதும், ஏற்புவலித் தடுப்பூசி காலங்கடந்துவிடாமல் இருப்பதும் முதற் பராமரிப்பு எனலாம்.

4

காயத்தை எதனால் மூடுவது என்பதே அடுத்த பிரச்சினை. காற்றுப் பட்டால் புண் விரைவில் உலர்ந்து ஆறும் என்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. 1962 இல் இலண்டனிலே ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோற்காயங்களைப் பொலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடிய காயங்களிலே புதிய மேற்றோல், திறந்த காயங்களிலும் பார்க்க ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. காயத்துக்கு அளவான ஈரம் வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்றது. அளவான ஈரம் என்பதே இங்கு முக்கியம். ஈரம் தேங்கினால் தோல் ஊறி வெளிறிப் பொருக்கு குழையும், கிருமிகளும் பெருகும். முற்றாக உலர்ந்தாலோ பொருக்கு தடித்து வெடிக்கும். வெடிப்போடு மையும் போகும்.

இவ்வடிப்படையில் வழக்கிலுள்ள மூடிகளை மதிப்பிடலாம்.

உணவு சுற்றும் பொலித்தீன் தாளே பரவலாகப் பயன்படுவது. சோற்றுப் பொதிக்குரிய லஞ்ச் சீற்றையும் சிலர் இதற்குக் கட்டுகின்றனர். கடையிலிருந்து வீடு செல்லும் சில மணி நேரத்துக்குத் தூசியும் உடையின் உராய்வும் படாமல் காப்பதற்கு உணவு சுற்றும் தாள் உதவலாம். அதற்கு மேல் அது தீமையே விளைவிக்கும். அது கிருமிநீக்கம் செய்யப்பட்டதன்று. நீராவியை வெளியே விடாது. எமது புழுக்கத்திலே அதனடியில் வியர்வையும் நிணநீரும் தேங்கிவிடும்.

சாதாரண கோஸ் துணி கசிவை உறிஞ்சும். ஆனால் உலர்ந்ததும் காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் புதிய தோலும் உடன்வரும். ஒட்டியிருப்பின் கொதித்தாறிய நீரால் நனைத்து மெல்ல எடுத்தல் வேண்டும். பாமசிகளிலே விற்கப்படும் ஒட்டாத் தன்மையுள்ள கிருமிநீக்கிய பட்டை இதனிலும் மேலானது. அதனைச் சுற்றிவர பிளாஸ்ரரால் ஒட்டி, நனைந்தபோதெல்லாம் மாற்றினால் போதும். விலையையும் பயனையும் சேர்த்து நோக்கின், உடலுழைப்பாளருக்கு வேலை நேரத்தில் மிகப் பொருத்தமானது இதுவே என்பது எமது கருத்து.

பொலியூறத்தேன் என்ற பொருளாலான ஒளிபுகும் ஒட்டுப்படலம் இன்று பச்சை குத்தும் கடைகளிலே பெரிதும் புகழப்படுகின்றது. அறுவை மருத்துவத்துக்கென உருவாகிய இது நீராவியை வெளியே விட்டு நீரையும் கிருமியையும் தடுக்கின்றது. முதலாவது படலத்தை ஒரு நாளளவில் எடுத்து, கழுவி உலர்த்தி, இரண்டாவதைச் சில நாட்கள் வைத்திருப்பர். இதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் வியர்க்கும் முழங்கையிலும் தோளிலும் இதன் விளிம்பு கிளம்பிவிடும். கிளம்பிய விளிம்பினூடாக நீர் புகுந்த பின்னும் அதனை வைத்திருப்பது, கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஒட்டுப்பசையினால் கொப்புளமோ சொறியோ தோன்றினும் அவ்வாறே. விலையும் கவனிக்கத்தக்கது. நாட்கூலி பெறும் ஒருவர் விளிம்பு கிளம்பும்தோறும் புதிது வாங்குவார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

வாழையிலை நமது மரபுக்குரியது. 2003 இல் இந்திய மருத்துவர் தீக்காயங்களுக்கும் தோல் எடுத்த இடங்களுக்கும் வாழையிலைக் கட்டைப் பயன்படுத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். அது ஒட்டாமை, வலியின்மை, மலிவு ஆகிய பண்புகளை உடையதாகக் கண்டனர். ஆனால் அவ்விலைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டே பயன்படுத்தப்பட்டன. வளவிலே வெட்டிய இலையைத் துடைத்துக் கட்டுவதை அவ்வாய்வு நியாயப்படுத்தாது. மரபுப் பொருளொன்றின் பயன் விஞ்ஞானத்தால் உறுதிப்படும்போது, அதன் நிபந்தனைகளையும் நாம் சேர்த்தே ஏற்றல் வேண்டும்.

மஞ்சளுக்கும் இது பொருந்தும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது என்பது உண்மை. ஆயினும் கடையில் வாங்கும் மஞ்சள்தூள் கறிக்கானது, காயத்துக்கானதன்று. 2020 ஆம் ஆண்டளவிலே இறக்குமதித் தடையினால் இந்நாட்டில் மஞ்சளின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது கலப்படமும் பெருகியமை நாமறிந்ததே. குறத்தி தன் கையால் அரைத்த மஞ்சளும் சந்தைப் பண்டமாகிய மஞ்சள்தூளும் பெயரால் ஒன்று, பொருளால் வேறு. தேங்காயெண்ணெய், வசிலீன் ஆகியவற்றைத் தடிப்பாகப் பூசுவதும் ஈரத்தையும் வெப்பத்தையும் அடைத்துவிடும். அன்ரிபயோற்றிக் குளிசையை உடைத்துத் தூவும் பழக்கம் முற்றாகக் கைவிடப்பட வேண்டியது. அதனால் தொற்று தடுக்கப்படுவதில்லை. ஒவ்வாமையும், மருந்துக்கு அஞ்சாத கிருமிகளுமே மிஞ்சும்.

எஞ்சுவது எளிய முறை. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே காயத்தைத் தொடுதல். நாளுக்கு இருமுறை, வியர்த்தால் அதற்கு மேலும், மணமற்ற மென்சவர்க்காரத்தாலும் தூய நீராலும் விரலால் மெல்லக் கழுவுதல். சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துதல். வாசனையற்ற நீர்க்களிம்பை மிக மெல்லியதாகத் தடவுதல். பொருக்கை உரிக்காது, சொறியாது விடுதல். வீட்டில் இருக்கும்போது திறந்து வைக்கலாம். இரவில் பழைய, துவைத்த, தளர்ந்த பருத்திச் சட்டையோ சாரமோ போதுமான மூடியாகும்.

5

மேற்கூறிய எளிய முறையில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. கடலில் இறங்கக்கூடாது, வெயிலில் நிற்கக்கூடாது, அந்த உறுப்பால் பாரமான வேலை செய்யக்கூடாது என்பதே அது. விடுமுறைக்காக உப்புவெளிக்கு வரும் பயணிக்கு இது நீச்சலைச் சில நாள் தள்ளிப்போடுவது. கரைவலை இழுப்பவருக்கு இது சோற்றைத் தள்ளிப்போடுவது. ஒரே அறிவுரை இருவருக்கும் ஒரே சொற்களால் கூறப்படும்போது, அது ஒருவருக்கே உரியது என்பது மறைந்துவிடுகின்றது.

இத்தடை காரணமற்றதன்று. கடல்நீர் உப்பானது, ஆகவே புண்ணைக் கழுவும் என்று கரையோரத்திலே நம்புவோர் உளர். சேலைன் எனப்படும் மருத்துவ உப்புநீர், அளவறிந்து உப்புச் சேர்த்துக் கிருமிநீக்கப்பட்டது. கடல்நீர் உயிரிகள் நிறைந்தது. இளஞ்சூடான கடல்நீரில் விப்ரியோ வல்னிபிக்கஸ் என்ற பக்ரீரியா வாழ்கின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே பச்சை குத்தி ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் நீந்திய ஒருவர் இக்கிருமியால் உயிரிழந்தமை 2017 இல் மருத்துவ ஏடொன்றிலே பதிவாகியது. அவர் ஏற்கெனவே ஈரல் நோயாளி. இத்தகைய மரணம் அரிது. ஆயினும் ஈரல் நோயுடையோர், மதுப்பழக்கம் உடையோர், நீரிழிவாளர் ஆகியோர் இதனை அரிது என்று கருதி விடுதல் ஆகாது. இழுபடும் வலைக்கயிற்றின் உராய்வும், மீனின் முள்ளும் செதிளும் புதுப்பச்சைக்கு மேலதிக ஆபத்துகள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுதலும், கோணேசர் கோயில் தீர்த்தமாடுதலும் மேற்பரப்பு மூடும்வரை ஒத்திவைக்கத்தக்கன.

எனவே தொழிலாளியின் ஆண்டுச் சக்கரத்தையே அடிப்படையாகக் கொண்டு காலத்தைத் தெரிவு செய்தல் விவேகமானது. கரைவலைத் தொழில் இக்கரையிலே ஏறத்தாழ பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை நிகழ்வது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தோல் உலர்ந்து வெடிக்கும், மணலும் பறக்கும். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் தடைப்படும் வாரங்களே புண் ஆறுவதற்கு இயல்பாகக் கிடைக்கும் ஓய்வு. அக்காலத்தில் மழையும் வெள்ளமும் உண்டாகையால் காயம் அழுக்குநீர் படாதிருக்க வேண்டும் என்பது மட்டும் கவனத்துக்குரியது. இடத்தெரிவும் அவ்வாறே. கயிறு பதியும் தோளையும் முன்கையையும் தவிர்த்து, உராய்வு குறைந்த மேற்கையின் வெளிப்புறத்தைத் தெரிவு செய்தால் பாதிப் பராமரிப்பு முடிந்துவிடும். தவிர்க்கமுடியாது கடலுக்குச் செல்வோர் மூடிய பட்டையை நம்பியிராது, கரைசேர்ந்ததும் தாமதமின்றி நன்னீரால் கழுவிப் புதிய பட்டை இடுதல் வேண்டும்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவுதல், மூன்றாம் நாளின் பின் வலி கூடுதல், சீழ், செங்கோடு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இந்நாட்டின் இலவச மருத்துவம் மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று. பச்சை குத்தியமைக்காகக் கண்டிக்கப்படுவோமோ என்ற வெட்கத்தால் அவ்வுரிமையைப் பயன்படுத்தாதிருப்போர் உளர் என்பது கவலைக்குரியது.

6

இறுதியாக ஒன்று. எமது போன்ற கருந்தோலிலே காயம் ஆறும்போது மேடிட்ட தழும்பு, அதாவது கீலோயிட், தோன்றும் வாய்ப்பு அதிகம். மார்பு, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் இது மிகும். தொற்றும், உரித்த பொருக்கும், வெடித்த தோலும் தழும்பை வளர்க்கும். தமிழ் நூல்களிலே விழுப்புண் பெருமைக்குரியது. அண்மைக்கால வரலாற்றிலோ தழும்பு தமிழ் இளைஞரின் உடலிலே சந்தேகத்துக்குரிய சான்றாயிற்று. 2007 இல் பிரித்தானியப் புகலிடத் தீர்ப்பாயம் இலங்கைத் தமிழர் எதிர்நோக்கும் ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டபோது, உடலிலுள்ள தழும்பையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. சோதனைச் சாவடியிலே சட்டையைக் கழற்றி நின்ற ஒரு தலைமுறைக்குத் தோலின் ஒவ்வோர் அடையாளமும் விளக்கம் கூறவேண்டிய ஒன்றாகவிருந்தது. யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் வளர்ந்த இளைஞர் தாம் விரும்பிய உருவத்தைத் தமது தோலிலே எழுதிக்கொள்வதை வெறும் மோஸ்தர் என்று மூத்தோர் ஒதுக்கிவிடும்போது, அவர்கள் இவ்வரலாற்றை மறந்துவிடுகின்றனர். பிறர் வாசித்த உடலைத் தாமே எழுதும் விருப்பம் அதிலே உண்டு. அவ்விருப்பம் சந்தையாலே பண்டமாக்கப்படுகின்றது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

ஆகவே நாம் வலியுறுத்துவன மூன்று. பச்சை குத்தும் இடங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வைக்குத் தவறாது உட்படவேண்டும். பராமரிப்புக் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும், வியர்வையும் கடலும் கூலியும் அறிந்தோரால் எழுதப்படவேண்டும். குத்திக்கொள்பவரோ உருவத்தைத் தெரிவு செய்யுமுன், ஆறுவதற்கான மூன்று வாரங்கள் தம்மிடம் உண்டா என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த மூன்று வாரங்கள் இல்லாதவருக்கு எத்தகைய விலையுயர்ந்த படலமும் அவற்றை வாங்கிக் கொடுக்கமாட்டாது.